செந்தில்: சாமி பெயரா, ஊர்ப் பெயரா?

கொடுமுடிக்காரன் (1)

எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் செந்தில். சொந்த ஊர் கொடுமுடி, இப்போது குடியிருப்பது கோவையில். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் பெயருக்கெல்லாம் பொருள் எழுத வேண்டும், அந்தப் பெயர் எப்படி வந்தது என்றும் விசாரித்து எழுத வேண்டும்.

தாத்தா தங்கவேல், பாட்டி சரஸ்வதி, அம்மா கலைச்செல்வி. மூன்றும் பத்து நிமிடத்தில் முடிந்தன. மாட்டிக்கொண்டது என் பெயரில்தான். "முருகன் பேருடா" என்றேன். "முருகன்னா முருகன்னே வெச்சிருப்பாங்களே, செந்தில்னா என்னப்பா அர்த்தம்?" என்றான். அந்த "அர்த்தம்" என்ற இடத்தில் எனக்கு வாய் அடைத்துவிட்டது.

குழந்தைப் பெயர் போடும் தளங்களில் தேடினேன். ஒன்றில் "செந்தீ போல் ஒளிர்பவன்" என்றிருக்கிறது, இன்னொன்றில் "முருகனின் வேல்", மூன்றாவதில் "செம்மையான உள்ளம் கொண்டவன்". 45 வயது வரை நான் தீயா, வேலா, உள்ளமா என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை நோட்டைக் கொடுக்க வேண்டும்.

பெயரில்லாதவன் (2)

முருகன் பெயர்தான். இதற்கு ஒரு இழையா?

தேரிக்காட்டான் (3)

அண்ணாச்சி, தீயும் இல்லை, வேலும் இல்லை. அது எங்கள் ஊர். திருச்செந்தூருக்குப் பழைய பெயர் செந்தில். அங்கே இருக்கிறவர் செந்திலாண்டவர், அதாவது செந்தில் என்கிற ஊரை ஆளுகிறவர். பழனி என்பது எப்படி ஊரோ, அப்படித்தான் செந்திலும். பழனியில் இன்றைக்கும் பஸ் போர்டில் பழனி என்றே இருப்பதால் உங்கள் பக்கத்துப் பழனிச்சாமிகளுக்கு இந்தச் சந்தேகம் வருவதில்லை. இங்கே போர்டில் திருச்செந்தூர் என்று எழுதிவிட்டார்கள். நாங்கள் பேச்சில் "செந்தூர்" என்போம். செந்தில் என்கிற பழைய பெயர் பாட்டிலும் ஆள் பெயரிலும் மட்டும் தங்கிவிட்டது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். வெறும் "செந்தில்" என்று பெயர் உள்ளவர்கள் எங்கள் பக்கத்தைவிட உங்கள் பக்கம்தான் அதிகம் என்பது என் கணிப்பு. எங்கள் தெருவிலேயே செந்தில்வேல், செந்தூர்பாண்டி, செந்தில்ஆறுமுகம் எல்லாம் உண்டு. என் ஆச்சி பெயர் செந்தில்வடிவு. ஒட்டு இல்லாத செந்தில் என்று ஒருத்தரும் இல்லை.

மணிமொழி டீச்சர் (4)

தேரிக்காட்டான் சொல்வது சரி. சான்றும் இருக்கிறது.

புறநானூற்றின் 55ஆம் பாட்டு. மதுரை மருதன் இளநாகனார் ஒரு பாண்டியனை வாழ்த்துகிறார். "வெண்தலைப் புணரி அலைக்கும் செந்தில் / நெடுவேள் நிலைஇய காமர் வியன்துறை" என்று வருகிறது. வெள்ளை நுரையைத் தலையில் சுமந்த அலை வந்து மோதுகிற செந்தில். அங்கே நெடுவேள், அதாவது முருகன், நிலைத்திருக்கும் அழகான பெரிய துறை. காற்று அடித்துக் குவித்த அந்தத் துறை மணலைவிட அதிக நாள் நீ வாழ வேண்டும் என்பது வாழ்த்து. கவனியுங்கள், அலை மோதுவது செந்திலில். ஆள் மேல் அலை மோதாது. ஆக அங்கே செந்தில் ஊர், சாமியின் பெயர் நெடுவேள்.

சிலப்பதிகாரத்தில் இன்னும் தெளிவு. குன்றக்குரவையில் "சீர்கெழு செந்திலும் செங்கோடும் வெண்குன்றும் ஏரகமும் நீங்கா இறைவன்" என்கிறார் இளங்கோ. நான்கு ஊர்களை வரிசையாக அடுக்கி, இவற்றை விட்டு நீங்காதவன் என்கிறார். பட்டியலில் முதல் ஊர் செந்தில்.

ஊரின் பெயர் அதில் இருப்பவருக்கு ஆகி வருவதை இடவாகுபெயர் என்று பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். "இந்தியா வென்றது" என்றால் மண் வெல்லவில்லை, ஆடியவர்கள் வென்றார்கள். அதே மாதிரி ஊர்ப் பெயர் முதலில் சாமிக்கு ஆனது. சாமி பெயரை அப்புறம் பிள்ளைக்கு வைத்தார்கள். உங்கள் மகன் இரண்டு படி இறங்கிப் போய்த் தேட வேண்டும், அவ்வளவுதான்.

கொடுமுடிக்காரன் (5)

டீச்சர், நன்றி. மகனிடம் படித்துக் காட்டினேன். "அப்போ நீங்க ஒரு பஸ் ஸ்டாண்டாப்பா?" என்றான். இவனை என்ன செய்வது.

இன்னொரு சந்தேகம். என் பழைய பள்ளிச் சான்றிதழில் செந்தில்குமார் என்று இருக்கிறது. கல்லூரியில் குமார் உதிர்ந்தது. செந்தில்குமார் என்றால் செந்தில் ஊர்க் குமரன் என்றுதான் பொருளா?

மணிமொழி டீச்சர் (6)

அதேதான். செந்தில்நாதன் என்றால் செந்தில் ஊரின் தலைவன், செந்தில்குமார் என்றால் செந்தில் ஊர்க் குமரன். ஒட்டு இருக்கிறவரை முருகன் பெயர் முழுசாக இருந்தது. குமாரை உதிர்த்ததும் சாமி போய், வெறும் ஊர் உங்களிடம் நின்றுவிட்டது!

இன்னொன்று. தேரிக்காட்டான் தெருவில் ஒரு செந்தில்வேல் இருப்பதாகச் சொன்னார். புறநானூற்றில் இருப்பது "செந்தில் நெடுவேள்", பெரிய ளகரம். வேள் என்றால் முருகன், வேல் என்றால் அவன் கையில் இருப்பது. ஈராயிரம் ஆண்டுப் பழைய தொடர் ஒரு எழுத்து மாறி ஒரு தெருவில் நடமாடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பழனிவேல், பழனிவேள் என்று இரண்டு விதமாகவும் எழுதுபவர்கள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். நான் யாரையும் திருத்தியதில்லை. பெயர் அவரவர் சொத்து.

சிதம்பரம் (7)

வாங்க செந்தில், கட்சியில் சேருங்கள். என் பெயர் சிதம்பரம். பிறந்தது காரைக்குடிப் பக்கம். சிதம்பரத்துக்கு நான் முதன்முதலில் போனது 31 வயதில், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. லாட்ஜில் பெயர் எழுதும்போது அந்தப் பையன் "சார், ஊர் இல்ல, பேர் எழுதுங்க" என்றான்.

இந்த மாதிரிப் பெயர்களில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். பிறந்த ஊரின் பெயரைப் பிள்ளைக்கு யாரும் வைப்பதில்லை. வேண்டிக்கொண்ட ஊரின் பெயரைத்தான் வைக்கிறார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தது ஓட்டப்பிடாரத்தில். சிதம்பரம் எங்கே, ஓட்டப்பிடாரம் எங்கே. சுந்தரமூர்த்தி நாயனாரைப் பாருங்கள், பிறந்தது திருநாவலூர், பெயர் நம்பி ஆரூரன். ஆரூர் என்பது திருவாரூர். புதுமைப்பித்தனின் சொந்தப் பெயர் விருத்தாசலம், குடும்பமோ திருநெல்வேலி. அவர் பிறந்த திருப்பாதிரிப்புலியூர் என்னவோ விருத்தாசலத்துக்கு அவ்வளவு தூரமில்லை, ஆனாலும் வேறு ஊர்தானே.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929இல் தொடங்கியது. திருவண்ணாமலையில் இருக்கிறது என்று இன்றும் சொல்வார்கள். அது இருப்பது சிதம்பரத்தில். அண்ணாமலை என்ற மலையின் பெயர் அங்குள்ள சிவனுக்கு ஆகி, அந்தப் பெயர் செட்டிநாட்டில் ஒருவருக்கு ஆகி, ராஜா சர் அண்ணாமலை செட்டியார் என்ற அவர் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தொடங்க, அதைச் சுற்றி அண்ணாமலை நகர் என்று ஒரு ஊரே வந்துவிட்டது. ஊரிலிருந்து புறப்பட்ட பெயர் ஒரு மனிதர் மேல் ஏறி வேறொரு ஊரில் இறங்கியிருக்கிறது. டிக்கெட் எடுத்ததா என்று கேட்காதீர்கள்.

பெயரில்லாதவன் (8)

சரி, ஊர்ப் பெயர் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பையன் கேட்டது அர்த்தம். "ஊர்" என்பது அர்த்தம் ஆகாது. அந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர்?

நான் கேள்விப்பட்டது இது. சூரனை வென்ற இடம் என்பதால் ஜெயந்திபுரம். ஜெயந்தி சயந்தியாகி, செயந்தியாகி, செந்தியாகி, செந்தில் ஆனது. கோயிலிலும் இப்படித்தான் சொல்வார்கள்.

மணிமொழி டீச்சர் (9)

சொல்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதில் ஒரு தயக்கம்.

நம் ஊர்ப் பெயர்களுக்குப் பிற்காலத்தில் வடமொழிச் சட்டை போடுவது வழக்கமாக நடந்திருக்கிறது. மறைக்காடு வேதாரண்யம் ஆனது. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது (சிதம்பரம் சார் சொன்ன அதே விருத்தாசலம்). மயிலாடுதுறை மாயூரம் ஆகி மறுபடி மயிலாடுதுறை ஆனது. அந்த வழக்கத்தைப் பார்க்கும்போது, முன்பே இருந்த செந்திலுக்கு ஒலி ஒற்றுமையை வைத்து ஜெயந்தி என்று பிறகு கதை சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. சங்கப் பாட்டில் கடைசி லகரத்தோடு "செந்தில்" என்று முழுசாக இருக்கிறது. ஜெயந்தியிலிருந்து வந்ததென்றால் அந்த லகரம் எங்கிருந்து முளைத்தது?

அந்த "இல்" தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இல் என்றால் வீடு, இடம். பழைய ஊர்ப் பெயர்கள், மலைப் பெயர்கள் சிலவற்றைப் பாருங்கள். லால்குடிப் பக்கம் அன்பில். திண்டிவனத்துப் பக்கம் கிடங்கில். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனைக் "கிடங்கில் கோமான்" என்று சொல்வார்கள். அகத்தியர் மலை பொதியில். அந்த வரிசையில் செந்திலை வைத்துப் பாருங்கள், அந்நியமாகவே தெரியாது.

முன்பாதிக்கு வருவோம். செந்து என்றால் உயிர், உயிர்களுக்கெல்லாம் இல்லம் என்று சைவப் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் செந்து வடமொழி ஜந்துதான். பக்திக்குப் பொருந்துகிற விளக்கம், மொழிக்குப் பொருந்துகிறதா என்பது வேறு. செம்மையின் செம் என்றால் எனக்கு ஓரளவு மனம் ஒப்புகிறது.

தேரிக்காட்டான் (10)

டீச்சர், செம் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் ஒருமுறை எங்கள் தேரியைப் பார்க்க வேண்டும். என் புனைபெயரே அதுதான்.

திருச்செந்தூரிலிருந்து உள்ளே போனால் குதிரைமொழித் தேரி. மண் சிவப்பு என்றால் செங்கல் சிவப்பு இல்லை, மிளகாய்த் தூள் சிவப்பு. மேடு மேடாக மணல் குன்று, நடுவில் பனை. ஆடி மாசக் காற்றில் அந்த மணல் எழும்பினால் எதிரில் வருகிற ஆள் தெரியாது. சின்ன வயசில் வெள்ளைச் சட்டை போட்டுத் தேரிக்குப் போனால் அம்மாவிடம் அடி நிச்சயம். ரெண்டு துவைப்புக்கும் அந்தச் சிவப்பு போகாது. இப்படி ஒரு மண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செந்தில் என்றால் வேறு என்ன பொருள் இருக்க முடியும்?

பெயரில்லாதவன் (11)

பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கத்தில்? கோயில் இருப்பது கடலை ஒட்டிய மணற்பாறை மேல். தேரி தள்ளி உள்ளே இருக்கிறது. உங்கள் ஊரில் எனக்குப் பெண் எடுத்திருக்கிறது அண்ணாச்சி, நானும் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். கரை மணல் மிளகாய்த் தூள் இல்லை.

டீச்சரின் "இல்" சரி. அதற்காகச் "செம்" என்று வந்த உடனே சிவப்பு மண் என்று குதிப்பது, ஜெயந்திக்காரர்கள் செய்த அதே வேலை. கண்ணுக்குப் பட்டதை வைத்துப் பொருள் கட்டுவது.

தேரிக்காட்டான் (12)

பெண் எடுத்த மாப்பிள்ளை பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக்கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள், அதனால் விடுகிறேன். :) ஆனால் மணல் நகரும் மாப்பிள்ளை. புறநானூற்றுக்காரரே காற்று குவித்த மணல் என்றுதானே பாடியிருக்கிறார்.

மட்டுநகரான் (13)

இலங்கை மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். உங்கட சண்டைக்குள் ஒரு சிறு விசயம்.

எங்கட பக்கம் செந்தில் என்ற பெயரும் உண்டு, செந்தில்நாதனும் உண்டு. ஆனால் கூடுதலாகக் கேள்விப்படுவது செந்தூரன். என்னோடு படித்த பெடியன்களில் இரண்டு செந்தூரன். ஒருவன் தன் பெயர் செந்தூரத்திலிருந்து, அதாவது நெற்றியில் வைக்கிற சிவப்பிலிருந்து வந்தது என்று கடைசிவரை நம்பினான். மற்றவனின் அம்மம்மா வடிவாகச் சொல்லுவா: "திருச்செந்தூருக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை." எழுத்து ஒன்றுதான், வேர் இரண்டு.

இந்தியாவுக்குப் போகாமலே எங்களுக்கு ஒரு திருச்செந்தூர் இருக்கிறது. கல்லடியில், கடற்கரையில், திருச்செந்தூர் முருகன் ஆலயம். 2004 சுனாமியில் அதன் கோபுரம் சாய்ந்துபோனது. அப்படியே சாய்ந்தபடி நின்றதைப் பார்க்க எங்கெங்கோ இருந்து சனம் வந்தது. கடற்கரை முருகனுக்குச் செந்தூர் என்ற பெயர்தான் பொருத்தம் என்று அந்தக் காலத்து ஆக்கள் நினைத்திருப்பினம்.

எங்கட நாட்டிலேயே ஊர்ப் பெயர் ஆளுக்கு வந்ததென்றால் கதிர்காமம்தான் முதலில் நினைவு வரும். கதிர்காமநாதன், கதிர்காமத்தம்பி என்று எத்தனை பேர். வெளிநாட்டமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமரின் பெயரிலும் அந்த ஊர்தான் நிற்கிறது.

கொடுமுடிக்காரன் (14)

செந்தூரன் விசயம் எனக்குப் புதுசு. இங்கே செந்தூரப்பாண்டி என்று கேட்டிருக்கிறேன், செந்தூர்பாண்டியும் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

பாஸ்டன் மீனா (15)

என் அண்ணன் பெயர் செந்தில். வெளிநாட்டில் இந்தப் பெயர் படும் பாட்டையும் யாராவது பதிவு செய்ய வேண்டாமா?

இங்கிலீஷில் எழுதும்போது நம்மூர்ப் பழக்கப்படி அண்ணனுக்கு "டி-எச்" போட்டார்கள். அமெரிக்கர்கள் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து "சென்த்-இல்" என்கிறார்கள், பாம்பு சீறுவது மாதிரி. பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன், நடிகர் செந்தில் ராமமூர்த்தி இரண்டு பேரும் தெளிவாக "டி" இடத்தில் இன்னொரு எழுத்தைப் போட்டு, அதாவது "தர்மம்" என்பதற்குப் போடுகிற "டி-எச்" போட்டு எழுதுகிறார்கள். அப்பா அதைச் செய்திருக்கலாம்.

குழப்பமாக எழுதிவிட்டேன். தமிழில் "டி" என்றால் இரண்டு எழுத்துக்கும் ஒன்றுதானே! தமிழ் எழுத்தில் ஸ்பெல்லிங் சண்டை போட முடியாது என்று இப்போதுதான் தெரிகிறது. "டீ குடிக்கிற டி" அண்ணனுடையது, "டிரம் அடிக்கிற டி" அவர்களுடையது.

டெல்லிக்காரச் சக ஊழியர் ஒருவர் "சென்" தனி, "தில்" தனி என்று பிரித்து, "தில் என்றால் இதயம், என்ன அழகான பெயர்!" என்று அண்ணனை ஒரு வருஷம் பாராட்டினாராம். அண்ணனும் மறுக்கவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து பாஸ்போர்ட்டில். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள், அப்பா பெயர் பின்னால் போனது. அண்ணன் மகளுக்கு அதே வழக்கப்படி அண்ணன் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. ஒன்பது வயசுப் பெண்ணை ஸ்கூலில் "மிஸ் செந்தில்" என்று கூப்பிடுகிறார்கள். அவள் கல்யாணம் செய்து பெயரை மாற்றாமல் இருந்தால் அவள் பிள்ளைகளும் செந்தில்கள். டீச்சர் இரண்டு படி என்றார். இங்கே நான்காம் படிக்கு ஏறிவிட்டது.

சிதம்பரம் (16)

@மீனா, "டீ குடிக்கிற டி" பிரமாதம்.

இன்னொரு யோசனை. ஆறுபடை வீடும் ஊர்தானே. ஆறும் ஒரே மாதிரி ஆள் பெயர் ஆகவில்லை, கவனித்தீர்களா? பழனி ஆனது. செந்தில் ஆனது. தணிகை அப்படியே ஆகவில்லை, தணிகாசலம், தணிகைவேல் என்று ஒட்டோடு வருகிறது. மதுரைப் பக்கம் சோலைமலை என்றே ஆட்கள் இருக்கிறார்கள், அது பழமுதிர்சோலை. சுவாமிமலையில் ஊர் விழுந்து சாமிநாதன் மட்டும் நின்றது. ஏரகம் என்ற பழைய பெயரில் யாரையும் நான் பார்த்ததில்லை. பரங்குன்றம்தான் பாவம். பரங்கிரி என்று எங்கோ ஒன்றிரண்டு பேர்.

மணிமொழி டீச்சர் (17)

கூப்பிட வாகாக இருக்க வேண்டாமா சார்? அம்மா அடுப்படியிலிருந்து தெருவுக்குக் குரல் கொடுக்க வேண்டும். "செந்திலூ..." என்று இழுக்கலாம், "பழனீ..." என்று இழுக்கலாம். "திருப்பரங்குன்றம்" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த தெருவுக்குப் போயிருப்பான்.

அதே திருச்செந்தூருக்கு இன்னொரு பழைய பெயர் உண்டு, அலைவாய். திருமுருகாற்றுப்படையும் அகநானூறும் அப்படித்தான் சொல்கின்றன. கோயிலையும் சீரலைவாய் என்பார்கள். அருமையான பெயர், அலையின் வாயில் இருக்கிற ஊர். ஆனால் ஒரு பிள்ளைக்கு அலைவாய் என்று வைத்தால் பள்ளிக்கூடத்தில் என்ன ஆகும் என்று 34 வருஷம் வகுப்பில் நின்ற எனக்குத் தெரியும்.

பெயரில்லாதவன் (18)

செந்திலுக்கு மட்டும் என்ன குறைச்சல். எங்கள் வகுப்பில் மூன்று செந்தில். மூன்று பேரிடமும் வாழைப்பழம் கேட்டே காலம் போனது.

கொடுமுடிக்காரன் (19)

அந்த வாழைப்பழத்தை ஞாபகப்படுத்தாதீர்கள். சபையில் பெண்கள் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

சரி, முக்கியமான விஷயம். சிதம்பரம் சார் "வேண்டிக்கொண்ட ஊரின் பெயர்" என்று எழுதியதிலிருந்து மண்டையில் ஒன்று குடைந்துகொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் திருச்செந்தூர் போனதே இல்லை. எங்களுக்கு முருகன் என்றால் பழனி, இல்லையென்றால் சென்னிமலை, சிவன்மலை. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஊரில் காவிரித் தண்ணீர் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடந்து போவார்கள். எனக்கு முதல் மொட்டையும் பழனியில்தான். அப்புறம் எதற்கு 300 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரை எனக்கு வைத்தார்கள்?

நேற்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். மகன் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்துவிட்டான்.

அம்மா முதலில் சிரித்தார். "இதைக் கேக்கறதுக்கா இந்நேரத்துக்குக் கூப்பிட்ட?" என்றார். அப்புறம் சொன்னார். நான் பிறந்ததும் வீட்டில் தாத்தா பெயரை, அதாவது அப்பாவின் அப்பா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று முடிவு. தாத்தா பெயர் பழனிச்சாமி. வீட்டுக்கு மூத்த பேரன், வேறு பேச்சே இல்லை. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது இல்லையா. "மாமன் பேரச் சொல்லி, டேய் பழனிச்சாமி இங்க வாடான்னு நான் எப்படிக் கூப்பிடறது? கோவத்துல ஒரு வார்த்தை திட்ட முடியுமா?" என்றார்.

பாட்டியிடம் அம்மா சொல்லியிருக்கிறார். பாட்டிக்கும் அதே சிக்கல்தான், அவரும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்! ஆக வீட்டில் இரண்டு பெண்களும் கூப்பிட முடியாத பெயர் அது. முருகன் பெயராகவும் இருக்க வேண்டும், பழனி என்றும் வரக்கூடாது. பக்கத்து வீட்டு வாத்தியார்தான் யோசித்து "செந்தில்குமார்னு வைங்க, அதுவும் அவன் ஊர்தான்" என்றாராம்.

வாத்தியார் "அதுவும் அவன் ஊர்தான்" என்று சொன்னது அம்மாவுக்கு அப்படியே நினைவிருக்கிறது. என்ன ஊர் என்று மட்டும் அம்மா கேட்கவில்லை. நானும் 45 வருஷமாகக் கேட்கவில்லை.

மகன் நோட்டில் என்ன எழுதினான் என்று பார்த்தேன். "அப்பா பெயர்: செந்தில். பொருள்: கடற்கரையில் உள்ள ஊர். காரணம்: பாட்டிக்கு அப்பாவைத் திட்ட வேண்டும்."

மணிமொழி டீச்சர் (20)

அந்த நோட்டை நான் திருத்தியிருந்தால் முழு மதிப்பெண். இந்த வழக்கம் பல வீட்டில் உண்டு. என் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று பாதிப் பேர் இருந்தார்கள். கேட்டால் "அது தாத்தா பேரு டீச்சர், அம்மா சொல்ல மாட்டாங்க" என்பார்கள்.

தேரிக்காட்டான் (21)

அண்ணாச்சி, அப்போ நீங்கள் இதுவரை உங்கள் பெயரைப் பார்த்ததே இல்லை. கிளம்பி வாருங்கள். சென்னையிலிருந்து வருகிற ரயிலுக்கே செந்தூர் எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர். நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து வருவதால் மதுரையில் பிடித்துக்கொள்ளலாம்.

வந்தால் கூட்டத்தைப் பார்த்து மிரளாமல் முதலில் கடலில் ஒரு முழுக்கு. அப்புறம் நாழிக்கிணறு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், பெரிய கிணற்றுக்குள் ஒரு சின்னக் கிணறு, தண்ணீர் உப்புக் கரிக்காது. படியில் இறங்கும்போது வழுக்கும், பையன் கையை விடாதீர்கள். உள்ளே பன்னீர் இலையில் மடித்து விபூதி கொடுப்பார்கள், இலை விபூதி என்போம். ஒன்றை அம்மாவுக்கு வாங்கி வையுங்கள்.

தேரிக்கும் நானே கூட்டிப் போகிறேன். மாப்பிள்ளை சொன்னது தப்பு என்று நீங்களே எழுதுவீர்கள்.

பெயரில்லாதவன் (22)

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

கொடுமுடிக்காரன் (23)

காலாண்டு லீவுக்கு நான்கு டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவும் வருகிறார். "பழனிக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்காதா?" என்று கேட்டார். எந்தப் பழனி என்று நான் கேட்கவில்லை.